எந்தத் தொழிலுக்கு எந்தப் பணம்?

ஒரே வாரத்தில் இரண்டு தரப்பினர் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். நான் வேலை பார்ப்பது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். பேங்க் லோனுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. திங்கட்கிழமை வந்தவர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர். வீட்டை ஒட்டிய ஷெட்டில் மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டி விற்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இன்ஜினியரிங் முடித்த இரண்டு தம்பிகள். திருப்பூரில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்களையும், தைக்கக் கொடுக்கும் கம்பெனிகளையும் இணைக்க ஓர் ஆப் செய்யப் போகிறார்களாம். இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றுதான்: "லோன் கிடைக்குமா?"

அக்காவுக்குக் கிடைக்கும் என்று அன்றே சொல்ல முடிந்தது. தம்பிகளுக்கு பேங்க்கில் கிடைப்பது கஷ்டம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன். யார் கெட்டிக்காரர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தம்பிகளின் யோசனை நன்றாகவே இருந்தது. செக்கைவிடப் பல மடங்கு பெரிதாக வளரவும் கூடும். ஆனால் அந்த யோசனைக்குப் பொருந்தும் பணம் பேங்க்கில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பணம் எங்கே கிடைக்கும் என்று அலைவதற்கு முன்னால், தன் தொழிலுக்கு எந்தப் பணம் பொருந்தும் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும். அந்தப் பொருத்தத்தை எதெல்லாம் தீர்மானிக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பணம் கொடுப்பவரின் பயம்

வெளியிலிருந்து வரும் பணத்தில் அடிப்படையாக இரண்டு வகை உண்டு. ஒன்று கடன்: வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், தொழில் முழுக்க உங்களுடையதாகவே இருக்கும். இன்னொன்று பங்கு: திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் தொழிலில் ஒரு பகுதி கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடும். இந்த இரண்டு பேரும் பயப்படுவது வெவ்வேறு விஷயங்களுக்கு.

கடன் கொடுப்பவர் கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் கொடுக்கிறார், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தொழில் ஓகோவென்று வளர்ந்து நீங்கள் கோடீஸ்வரர் ஆனாலும் அவருக்கு வரப்போவது அதே 11 சதவீதம்தான். தொழில் படுத்துவிட்டால் அசலும் போகும். அதனால் இது எவ்வளவு பெரிதாக வளரும் என்று அவர் கேட்கவே மாட்டார். மாதாமாதம் தவணை கட்டக் காசு வருமா, நின்றுபோனால் எனக்கு என்ன மிஞ்சும், இந்த இரண்டைத்தான் கேட்பார்.

பங்கு வாங்குகிறவர் இதற்கு நேர் எதிர். தொழில் போனால் போட்ட பணம் போகும், அதற்குத் தயாராகவே வருகிறார். ஆனால் ஜெயித்தால் பத்து மடங்கோ ஐம்பது மடங்கோ வர வேண்டும். சின்னதாக, பத்திரமாக, வருஷத்துக்கு 15 சதவீதம் லாபம் தரும் தொழிலைக் காட்டினால் அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். "சார், வட்டி கூடுதலா இருந்தாலும் பரவாயில்லை, எப்படியாவது லோன் கொடுங்க" என்று மேனேஜரிடம் சொல்கிறார்கள். மேனேஜருக்கு அது இனிக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம்தான் கூடும். ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஆண்ட்ரூ வைஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1981-இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள். வட்டியை ஏற்ற ஏற்ற, நிதானமாகக் கணக்குப் போடுகிறவர்கள் விலகிவிடுவார்கள். திருப்பிக் கட்டுவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவர்கள்தான் வரிசையில் மிஞ்சுவார்கள். அதனால் ஓர் அளவுக்கு மேல் பேங்க் வட்டியை ஏற்றுவதில்லை, கடனையே மறுத்துவிடுகிறது. மறுப்பு என்பது உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை. உங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது அதிகம், அவ்வளவுதான். அந்தத் தெரியாததைக் குறைக்க நீங்கள் என்ன காட்ட முடிகிறது என்பதில்தான் மிச்சம் எல்லாமே இருக்கிறது.

நின்றுபோனால் என்ன மிஞ்சும்?

செக்கு நின்றுபோனால் செக்கு மிஞ்சும். மோட்டார் மிஞ்சும், எடை மெஷின் மிஞ்சும், எண்ணெய் கேன்கள் மிஞ்சும். பாதி விலைக்காவது வாங்க ஆள் இருக்கும். ஆப் நின்றுபோனால் மிஞ்சுவது இரண்டு லேப்டாப். அதில் எழுதிய புரோகிராம் யாருக்கும் பயன்படாது. தொழிலின் சொத்து கையால் தொடக்கூடியதா, தலைக்குள் இருப்பதா என்பது பணம் வரும் திசையைத் தீர்மானிக்கும் முதல் விஷயம்.

சரி, அடமானம் வைக்க ஒன்றுமே இல்லாதவர் என்ன செய்வது? அதற்காகத்தான் அரசு சில ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் அடமானம் கேட்கக் கூடாது. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று படிகள். தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரும் படி 2024-இல் சேர்ந்தது. அப்புறம் மத்திய அரசும் சிட்பி என்கிற சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் அமைத்த கடன் உத்தரவாத நிதியம் ஒன்று இருக்கிறது. அடமானம் இல்லாமல் கொடுத்த கடன் வராமல் போனால், பேங்க்குக்கு ஏற்பட்ட இழப்பில் பெரும் பகுதியை இந்த நிதியம் ஈடு செய்யும். பெண்கள் நடத்தும் தொழிலுக்கு அந்த ஈடு இன்னும் கூடுதல். ஆனால் இந்த உத்தரவாதம் பேங்க்குக்குத்தான், உங்களுக்கு இல்லை. கட்டாவிட்டால் கவர்ன்மென்ட் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடன் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

அடமானம் பற்றிப் பேசும்போது பெண்கள் விஷயத்தை நான் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தரச் சட்டம் திருத்தப்பட்டது. நாடு முழுவதற்கும் அது 2005-இல்தான் வந்தது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பி மனசு கோணக் கூடாது என்று, பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாது என்று, அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அதே பெண் தொழில் தொடங்க வரும்போது அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருப்பதில்லை. காங்கேயம் அக்காவும் அப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். ஷெட் இருக்கும் இடம் மாமனார் பெயரில் இருந்தது. அடமானம் கேட்காத கடனும் உத்தரவாத நிதியமும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் உயிர்நாடி. அடமானம் இல்லாமல் தருவதில்லை என்று ஒரு கிளையில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எத்தனை நாளில் காசு திரும்பும்?

என்னைக் கேட்டால் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அக்கா வரும்போது கையில் ஒரே ஒரு கொட்டேஷன் வைத்திருந்தார். செக்கு, மோட்டார் எல்லாம் சேர்த்து 2,80,000 ரூபாய். அவ்வளவுதான் தேவை என்று நினைத்திருந்தார். ஷெட்டுக்குத் தரை போட, மூன்று முனை மின்சார இணைப்பு வாங்க, வடிகட்ட, எடை போட, கேன் வாங்க என்று கூட்டினால் 4 லட்சம் வந்தது. அப்புறம் நான் கடலைக்குக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"ஏனுங்க தம்பி, மெசினுக்குத்தானுங்க பணம் வேணும். கடலைக்கு எதுக்குக் கணக்கு?" என்றார்.

"அக்கா, செக்குல எதைப் போட்டு ஆட்டுவீங்க?" என்று கேட்டேன்.

கணக்கு இதுதான். ஒரு நாளைக்கு 60 கிலோ கடலைப் பருப்பு ஆட்டுகிறார், கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 7,800 ரூபாய். நல்ல பருப்பு விலை சரியாக இருக்கும்போது வாங்கி வைக்க வேண்டும் என்பதால் 15 நாள் சரக்கு கையில் இருக்கும். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விட 5 நாள். கடைகளுக்குப் போட்டால் 30 நாள் கழித்துத்தான் காசு வரும். மொத்தம் 50 நாள். கடலை வாங்கப் போட்ட ஒரு ரூபாய் மறுபடி கைக்கு வர 50 நாள் ஆகிறது. 7,800-ஐ 50-ஆல் பெருக்கினால் 3,90,000. மெஷினுக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அதே அளவு பணம் கடலையாகவும் எண்ணெயாகவும் கடைக்காரர் பாக்கியாகவும் எப்போதும் வெளியே நிற்கும். இதற்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம். மெஷினுக்கு மட்டும் லோன் வாங்கி இதை மறந்தவர்கள் மூன்றாவது மாதம் கந்துவட்டிக்குப் போகிறார்கள். நன்றாக ஓட வேண்டிய தொழில் அங்கேதான் சாய்கிறது.

அக்கா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே கேட்டார்: "அக்கம்பக்கத்துல காடு வெச்சிருக்கறவங்க அவங்களே கடலையும் கொப்பரையும் கொண்டாந்தா கூலிக்கு ஆட்டிக் குடுக்கலாமுங்களா?" எனக்கு அப்போது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் அது மிகச் சரியான கேள்வி. கூலிக்கு ஆட்டினால் கடலை வாங்க வேண்டாம், கடைக்காரரிடம் பாக்கிக்கு நிற்க வேண்டாம், அன்றைக்கே கூலி கைக்கு வரும். லாபம் குறைவுதான், ஆனால் உள்ளே மாட்டிக்கொள்ளும் பணமும் குறைவு. சொந்தச் சரக்கு ஆட்டும் நாட்களிலும் புண்ணாக்கை மாடு வைத்திருப்பவர்கள் ரொக்கத்துக்கு வாங்கிப் போய்விடுவார்கள். எவ்வளவு பணம் தேவை என்பது முன்கூட்டியே எழுதி வைத்த எண் கிடையாது. தொழிலை எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். பணம் திரட்டும் வழிகளில் மிகவும் மலிவானது, தேவையைக் குறைப்பது.

இதே காரணத்தால்தான் பணத்தின் ஆயுளும் செலவின் ஆயுளும் ஒத்துப்போக வேண்டும் என்கிறோம். நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டியது. அதைக் கொண்டு ஐந்து வருஷம் ஓடி மெதுவாகச் சம்பாதித்துத் தரும் மெஷினை வாங்கினால், மெஷின் பாதி காசு தருவதற்குள் நகை ஏலத்துக்கு வந்துவிடும். அறுவடை சமயத்தில் கடலை வாங்கிப் போட நகைக்கடன் நல்ல வழி. மெஷினுக்குத் தவணைக் கடன்தான் சரி.

மானியம் கைக்கு வரும் பணம் இல்லை

மானியத்தைப் பற்றி நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், அவர் கைப்பணமாகப் போட வேண்டியது 5 சதவீதம். அக்காவுக்கு மெஷின், ஷெட், நடைமுறை மூலதனம் எல்லாம் சேர்த்துச் சுமார் 8 லட்சம். அதற்கு 40,000 ரூபாய் அவர் போட்டால் போதும், மானியம் 2,80,000. ஆனால் அந்த 2,80,000 அவர் கைக்கு வராது. பேங்க் முதலில் 7,60,000 கடனாகக் கொடுக்கும். மானியம் அதே பேங்க்கில் மூன்று வருஷம் டெபாசிட்டாக நிற்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. தொழில் நடக்கிறதா என்று வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். மானியத்தை வாங்கிக்கொண்டு மூடிவிடலாம் என்ற கணக்கே இதில் எடுபடாது. உண்மையாகத் தொழில் செய்கிறவருக்கு இது நல்ல ஏற்பாடு.

படித்த இளைஞர்களுக்கென்று தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் 2012-13-லிருந்து இருக்கிறது. அதில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிக் குறைப்பும் உண்டு. எந்தத் திட்டமாக இருந்தாலும் விதிகளும் உச்சவரம்பும் அவ்வப்போது மாறும். ஆகவே புராஜெக்ட் ரிப்போர்ட் போடுவதற்கு முன்னால் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய் நடப்பு விதியைக் கேட்டுவிடுங்கள். சிறுதொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை, ஆன்லைனில் நீங்களே செய்யலாம். இதற்கு 2,000, 3,000 என்று வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

உங்களைப் பற்றி எது பேசுகிறது?

மேனேஜர் முன் நீங்கள் உட்காரும் முன்பே உங்களைப் பற்றி அவர் கம்ப்யூட்டர் பேசிவிடும். இதுவரை வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர், 300-இலிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. மச்சானின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அவர் கட்டாமல் விட்டிருப்பார். அது உங்கள் கணக்கில் தெரியும். எப்போதோ தவணையில் வாங்கிய போனுக்குக் கடைசி இரண்டு மாதம் விட்டுப் போயிருக்கும், அதுவும் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். லோனுக்குப் போவதற்கு ஆறு மாதம் முன்பே பார்த்துவிட்டால், தப்பு இருந்தால் திருத்த நேரம் கிடைக்கும்.

ஸ்கோரைவிட அதிகம் பேசுவது பேங்க் ஸ்டேட்மென்ட். காங்கேயம் அக்கா இதற்கு முன்னால் நான்கு வருஷமாக முறுக்கும் அதிரசமும் ஆர்டருக்குச் செய்து கொடுத்தவர். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷமாக வாங்குகிறவர்கள் எல்லாரும் கியூஆர் கோடில்தான் பணம் போட்டிருந்தார்கள். ஸ்டேட்மென்ட்டை எடுத்தேன். 240, 500, 180, 1,200 என்று பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன வரவுகள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் வரிசை கொத்துக் கொத்தாக நீண்டிருந்தது. பச்சை ஹைலைட்டரால் மாத மொத்தத்தை அடிக்கோடிட்டு ரிப்போர்ட்டோடு சேர்த்தேன். மேனேஜர் அந்தப் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். அவருக்கு அதில் தெரிந்தது ஒரு பெண் இரண்டு வருஷமாக விடாமல் வியாபாரம் செய்கிறார், வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது. எல்லாவற்றையும் ரொக்கமாகவே வாங்கியிருந்தால் அந்த உழைப்புக்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

யாரைத் தெரியும் என்பது

முதல் பணம் பெரும்பாலும் பேங்க்கிலிருந்து வருவதில்லை. சொந்தச் சேமிப்பு, நகை, சீட்டு, சொந்தபந்தம், இதுதான் வழக்கமான வரிசை. இதில் சொந்தபந்தம் என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. இதைப் பற்றித் திருப்பூரிலேயே நடந்த முக்கியமான ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. செய்தவர்கள் அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி. பானர்ஜி பின்னால் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர். பின்னலாடை ஏற்றுமதியாளர்களில் உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவரையும் வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அதிக முதலீட்டோடு தொடங்கினார்கள், ஏனென்றால் ஊர்ப்பணம் அவர்களை நம்பி வந்தது. வெளியாட்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கினார்கள். ஆனால் வேகமாக வளர்ந்து சில வருஷங்களில் உற்பத்தியில் முந்திப் போனவர்கள் அந்த வெளியாட்கள்தான்.

இதில் என் மனசில் தங்கியது ஒன்று. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்தவரைத் தேடிப் போனது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாளைக்குக் கல்யாண வீட்டில் எதிரே பார்க்க வேண்டிய ஆள் ஏமாற்ற மாட்டார் என்பதே அவர்களுக்கு அடமானம். சமூகங்கள் இந்த நம்பிக்கையை நிறுவனமாகவே மாற்றியதும் உண்டு. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி என்று தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஆனால் அப்படி ஒரு வலை இல்லாத ஊரிலும் சமூகத்திலும் பிறந்த ஒருவருக்கு இதே யோசனை, இதே திறமை இருந்தாலும் தொடக்கப் பணம் குறைவாகத்தான் கிடைக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசுத் திட்டங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் தேவைப்படுகின்றன. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. அக்கா கைப்பணமாகப் போட்ட 40,000 குழுவிலிருந்து எடுத்ததுதான்.

சொந்தக்காரரிடம் வாங்கினாலும் பேங்க் வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் தொகை, தேதி, எப்போது திருப்புவது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அதனால் உறவு கெடாது, காக்கப்படும். சீட்டு போடுவதானால் பதிவு செய்த சீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.

தம்பிகளின் கதை

இப்போது ஆப் தம்பிகளுக்கு வருவோம். அவர்களுக்குப் பொருந்துவது பங்குப் பணம். அதற்கு முதலில் பங்கு என்று ஒன்று இருக்க வேண்டும். தனிநபர் தொழிலிலும் கூட்டாண்மையிலும் பிரித்து விற்கப் பங்குகள் கிடையாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தால்தான் முதலீட்டாளர் உள்ளே வர முடியும். கம்பெனி ஆனதும் ஊரில் எல்லாரிடமும் பணம் வாங்கலாம் என்றும் இல்லை. ஒரு நிதியாண்டில் பங்கு வாங்கச் சொல்லி அழைக்கக் கூடியவர்கள் 200 பேருக்குள் இருக்க வேண்டும். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கினால் 2019-இல் வந்த சட்டப்படி சிறைக்கே போக நேரும்.

புதிய கம்பெனிகளில் பங்கு வாங்கிப் பணம் போடும் வென்ச்சர் கேபிடல் கம்பெனிகள் ஏன் செக்குக்குப் பணம் போடுவதில்லை என்று தம்பிகளுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். ஒரு நிதியில் 100 கோடி இருக்கிறது. அதுவும் பிறர் பணம்தான். சுமார் 10 வருஷத்தில் 300 கோடியாகத் திருப்ப வேண்டும் என்று இலக்கு. 20 கம்பெனிகளில் 5 கோடி வீதம் போடுகிறார்கள். பத்துப் பதினைந்து கம்பெனிகள் ஒன்றும் தராது, அது அவர்களுக்கும் தெரியும். அப்படியானால் மிச்சமுள்ள சில கம்பெனிகள்தான் முழு 300 கோடியையும் கொண்டுவர வேண்டும். அதனால் ஒவ்வொரு கம்பெனியையும் இது 20 மடங்கு, 30 மடங்கு வளர வாய்ப்பிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். செக்கு எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த அளவுக்கு வளராது. ஊர் ஊராகப் பரவக்கூடிய ஆப் வளரலாம்.

அதற்கு விலையும் உண்டு. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி வைத்திருக்கிறார்கள். 1 கோடிக்கு 20 சதவீதம் கொடுத்தால் ஆளுக்கு 40. அடுத்த சுற்றில் இன்னொரு 20 சதவீதம் கொடுத்தால் ஆளுக்கு 32. மூன்றாவது சுற்றில் இரண்டு பேருமாகச் சேர்ந்து பாதியாவது மிஞ்சுமா என்று யோசிக்கும் நிலை வரும். பணம் போட்டவர் 10 வருஷத்துக்குள் வெளியே போக வேண்டும். ஆகவே ஒரு நாள் கம்பெனியை விற்கவோ பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகவோ வேண்டியிருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தப் பணம் ஒத்து வராது.

சென்னையிலேயே இரண்டு பாதைக்கும் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, வெளி முதலீட்டாளர் பணமே வாங்காமல் வாடிக்கையாளர் கொடுத்த காசிலேயே வளர்ந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், அடுத்த வருஷமே ஆக்செல் என்ற வென்ச்சர் கேபிடல் நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வாங்கியது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனது. இரண்டும் மென்பொருள், இரண்டும் ஒரே ஊர். வேறுபட்டது, நிறுவனர் எதைக் கையில் வைத்திருக்க விரும்பினார், எவ்வளவு வேகமாகப் போக விரும்பினார் என்பதுதான். நிறுவனரின் மனசும் இந்தக் கணக்கில் ஒரு காரணி. அதை யாரும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.

காலமும் ஒரு காரணி. 2020-இல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது பேங்க்குகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். பத்திரமான இடத்தில் போட்டால் ஒன்றும் கிடைக்காது என்பதால் உலகப் பணம் ஸ்டார்ட்அப் பக்கம் திரும்பியது. 2022-இல் பெரும்பாலான நாடுகளில் வட்டி ஏறத் தொடங்கியது; 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5 சதவீதம். அதே யோசனை, அதே ஆட்கள், ஒரு வருஷம் தாமதமாகப் போனதால் பணம் கிடைக்காமல் திரும்பியவர்கள் அப்போது நிறைய. உங்கள் கையில் இல்லாத விஷயம் இது. அதனால் ஒரு சுற்றில் கிடைக்கவில்லை என்றால் யோசனையே தப்பு என்று உடைந்துபோக வேண்டாம்.

தம்பிகளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: ஆப் எழுதப் பணம் தேடுவதற்கு முன், ஆப் இல்லாமலே இந்த வேலையைச் செய்ய முடியுமா பாருங்கள். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். எந்தக் கம்பெனியிடம் எத்தனை பீஸ் இருக்கிறது, யாரிடம் எத்தனை ஓவர்லாக் மெஷின் சும்மா நிற்கிறது என்று காலையும் மாலையும் போன் பண்ணிக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார்கள். பொருத்திவிட்ட ஒவ்வொரு ஆர்டருக்கும் சின்னக் கமிஷன். ஐந்து மாதத்தில் அந்த நோட்டு நிரம்பியது. எந்த யூனிட் சொன்ன தேதிக்குக் கொடுத்தது, எது தாமதித்தது, எந்தக் கம்பெனி எத்தனை நாளில் பணம் கொடுத்தது என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் முதலீட்டாளரைப் பார்க்கப் போனபோது அவர்கள் செய்து வைத்திருந்த அழகான ஸ்லைடுகளை அவர் இரண்டு நிமிடம்தான் பார்த்தாராம். மீதி நேரம் முழுக்க அந்த நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார் என்று தம்பி போனில் சொன்னான். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், நோட்டையும் எடுத்துக்கொண்டு.